கற்பதே வழிபாடு: யூத மரபில் தோரா அத்யயனம்

கற்பது பெரிதா, கற்றபடி நடப்பது பெரிதா? ஆன்மிக வாழ்வை நாடும் எவருடைய உள்ளத்திலும் என்றேனும் எழும் கேள்வி இது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ரோமானிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த யூதர்களின் நாட்டில், லோத் என்னும் ஊரில் ஒரு வீட்டின் மேல்மாடியில் கூடியிருந்த அறிஞர்கள் முன் இக்கேள்வி வைக்கப்பட்டது. செயலே பெரிது என்றார் ரபி தர்போன். கற்றலே பெரிது என்றார் ரபி அகிவா. ‘ரபி’ என்பது ஆசானைக் குறிக்கும் மரியாதைச் சொல். இறுதியில் அனைவரும் ஒருமித்து ஒரு முடிவுக்கு வந்தனர்: கற்றல் மனிதனைச் செயலுக்கு இட்டுச் செல்வதால் அதற்கே முதலிடம்.

இத்தீர்ப்பு அகிவாவுக்கு வெற்றியை அளிக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணமோ தர்போனின் பக்கத்தைச் சேர்ந்தது. கற்றலின் மதிப்பை அளக்கும் கோல் செயல்தான் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. வாழ்க்கையில் இறங்காத கல்வி அந்த முதலிடத்தைக் கோர முடியாது. கல்லாமல் செய்யும் செயலோ வழியறியாமல் மேற்கொள்ளும் பயணத்தைப் போன்றது. ஏறத்தாழ 1900 ஆண்டுகளாக யூத சமுதாயம் இந்த விடையைப் பற்றிக்கொண்டு வாழ்ந்து வருகிறது. சுவாத்யாயத்தை வாக்கின் தவமாகக் கீதை போற்றும் பாரத நாட்டில், சாதகர்கள் இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்கவை பல உள்ளன.

கோயில் அழிந்தபின்

‘தோரா’ என்னும் எபிரேயச் சொல்லுக்குப் போதனை, வழிகாட்டுதல் என்பது பொருள். குறுகிய பொருளில் அது மோசேயின் ஐந்து நூல்களைக் குறிக்கும். விரிந்த பொருளில், அந்நூல்களிலிருந்து கிளைத்து வளர்ந்த மரபறிவு முழுவதையும் குறிக்கும்.

பண்டைக் காலத்தில் யூத வழிபாட்டின் மையமாக விளங்கியது ஜெருசலேம் ஆலயம். பலிகளும் காணிக்கைகளும் திருவிழா யாத்திரைகளும் அதனைச் சுற்றியே அமைந்திருந்தன. கி.பி. 70இல் தீத்துவின் தலைமையிலான ரோமானியப் படை அந்த ஆலயத்தை எரித்து அழித்தது. ஓர் இடத்தையே சார்ந்திருந்த வழிபாடு அந்த இடம் அழிந்தபின் எவ்வாறு நிலைக்கும் என்ற கேள்வி அம்மக்கள் முன் எழுந்தது.

அதற்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் யோஹனான் பென் ஸக்காய். நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, உள்ளே இருந்த போர்த் தீவிரர்கள் எவரையும் வெளியேற விடவில்லை. ஆகவே அவர் இறந்துவிட்டதாகச் செய்தி பரப்பி, சீடர்கள் அவரைச் சவப்பெட்டியில் வைத்து வெளியே சுமந்து சென்றார்கள் என்று மரபு கூறுகிறது. ரோமானியத் தளபதி வெஸ்பாசியனிடம் வேண்டுதல் செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. யாவ்னே என்னும் சிற்றூரையும் அங்கிருந்த அறிஞர்களையும் விட்டுவைக்குமாறு அவர் வேண்டினார். ஜெருசலேமையே கேட்டிருக்கலாமே என்று பிற்காலத்தவர் அவரைக் குறைகூறியதையும் அதே மரபு மறைக்காமல் பதிவு செய்திருக்கிறது.

யாவ்னேயில் கல்வி தழைத்தது. பலிபீடம் இருந்த இடத்தைப் பிரார்த்தனையும் தோரா அத்யயனமும் அறச்செயல்களும் பெற்றன. ஆலயம் ஒரு நகரத்தில் மட்டுமே இருக்க முடியும். நூலை எங்கும் எடுத்துச் செல்லலாம். பின்வந்த நூற்றாண்டுகளில் நாடு நாடாகத் துரத்தப்பட்டபோதெல்லாம் அம்மக்கள் தங்களுடன் எடுத்துச் சென்றது இந்தக் கல்வியைத்தான்.

வாய்மொழி மரபு

யூத மரபில் தோரா இரு வகைப்படும்: எழுதப்பட்டது ஒன்று, ஆசானிடமிருந்து மாணவனுக்கு வாய்மொழியாக வந்தது மற்றொன்று. வேதத்தைச் சுருதி என்று வழங்கும் நம் நாட்டினருக்கு இக்கருத்து எளிதில் விளங்கும். வாய்மொழி மரபு அழிந்துவிடுமோ என்ற அச்சம் வளர்ந்த காலத்தில், ஏறத்தாழ கி.பி. 200இல், ரபி யெஹூதா ஹநாசி அதனை ‘மிஷ்னா’ என்னும் தொகுப்பாக அமைத்தார். அது ஆறு பெரும் பிரிவுகளும் 63 உட்பிரிவுகளும் கொண்டது. விதைப்பு, திருவிழா, மண வாழ்வு, இழப்பீடு, பலி, தூய்மை எனச் சமய வாழ்வையும் உலக வாழ்வையும் அது ஒருங்கே ஆராய்கிறது. மிஷ்னாவின் மீது பல தலைமுறை அறிஞர்கள் நிகழ்த்திய விவாதங்களும் சேர்ந்து உருவானதே ‘தால்முத்’. பாலஸ்தீனத்தில் ஒன்றும் பாபிலோனியாவில் ஒன்றுமாக இரண்டு தால்முதுகள் தோன்றின. பாபிலோனியத் தால்முதே பிற்காலக் கல்வியில் மேலோங்கி நின்றது.

அச்சிட்ட தால்முதின் ஒரு பக்கமே இம்மரபின் இயல்பை உணர்த்தும். நடுவில் மூலம், உட்பக்க ஓரத்தில் பிரான்சின் துரோய் நகரில் வாழ்ந்த ராஷியின் (1040–1105) உரை, வெளிப்பக்க ஓரத்தில் அவருடைய பேரர்களும் அவர்கள்வழி வந்தோரும் எழுதிய ‘தோசஃபோத்’ என்னும் உரைகள். இவ்வுரைகள் பல இடங்களில் ராஷியையே மறுக்கின்றன. மாணவன் ஒரு பக்கத்தைத் திறந்தவுடன் பல நூற்றாண்டுகளின் அறிஞர்கள் எதிரெதிரே அமர்ந்து பேசும் சபைக்குள் நுழைந்துவிடுகிறான். சூத்திரம், பாஷ்யம், வார்த்திகம் என்று அடுக்கடுக்காக வளர்ந்த வேதாந்தக் கல்வியை இது நினைவூட்டுகிறது.

வளர்ந்துகொண்டே செல்லும் மரபு மூலத்திலிருந்து விலகிவிடாதா என்ற ஐயம் எழலாம். தால்முத் இதற்கு ஒரு கதையால் விடையளிக்கிறது. மோசே மலைமீது ஏறியபோது, இறைவன் தோராவின் எழுத்துகளுக்குச் சிறு மகுடங்கள் சூட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். பல தலைமுறைகளுக்குப் பின் தோன்றும் அகிவா என்பவர் இம்மகுடங்களின் ஒவ்வொரு முனையிலிருந்தும் எண்ணற்ற நெறிகளைக் காண்பார் என்று இறைவன் அறிவித்தார். அவரைக் காண மோசே விரும்பினார். உடனே அகிவாவின் வகுப்பில் கடைசி வரிசையில் மோசே அமர்ந்திருந்தார். அங்கு நடந்த விவாதம் அவருக்கு விளங்கவில்லை; மனம் தளர்ந்தார். அப்போது ஒரு மாணவன், இந்நெறி எங்கிருந்து வந்தது என்று ஆசானைக் கேட்டான். இது சீனாய் மலையில் மோசேக்கு அருளப்பட்டது என்று அகிவா விடையளித்தார். மோசேயின் மனம் அமைதியுற்றது.

மூலபுருஷருக்கே விளங்காத அளவுக்கு மரபு வளர்ந்திருக்கலாம். ஆயினும் வளர்த்தவர் அதனைத் தமது என்று உரிமை கொண்டாடவில்லை. புதியது காணும் அறிவும் மூலத்திற்கு அடங்கும் பணிவும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதை இக்கதை காட்டுகிறது.

கற்பதற்கு ஒரு துணை

யூதக் கல்விக்கூடத்திற்குள் முதன்முதலாக நுழைபவரை அங்கு நிலவும் பேரொலி திகைக்க வைக்கும். மாணவர்கள் இருவர் இருவராக அமர்ந்து, உரக்கப் படித்து, ஒருவரை ஒருவர் மறுத்து வாதிடுவார்கள். இவ்வாறு இருவர் இணைந்து கற்பதற்கு ‘ஹவ்ருதா’ என்று பெயர். ‘தோழமை’ என்ற பொருளுடைய அராமியச் சொல் இது. தனியே படிப்பவன் தன் பிழையைத் தானே காண்பது அரிது. எதிரே அமர்ந்திருக்கும் தோழன் அதைக் காண்பான்.

இதன் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று தால்முதில் உள்ளது. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி யோஹனானுக்கு ரேஷ் லகிஷ் என்ற கற்றல் தோழர் இருந்தார். கொள்ளையராக வாழ்ந்து, யோஹனானால் கல்விக்குத் திரும்பியவர் அவர். ஒருநாள் விவாதத்தின் நடுவே யோஹனான் தோழரின் பழைய வாழ்க்கையைச் சுட்டிக் குத்தலாகப் பேசிவிட்டார். புண்பட்ட ரேஷ் லகிஷ் நோயுற்று இறந்தார். ஆற்றொணாத் துயரில் மூழ்கிய யோஹனானுக்குத் துணையாக எலியாசர் பென் பெதாத் என்ற நுண்ணறிவாளரை மற்ற அறிஞர்கள் அனுப்பினார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும் அதற்கு ஆதரவான சான்றை அவர் உடனே எடுத்துக் காட்டினார். அது யோஹனானின் துயரை மேலும் பெருக்கியது. ரேஷ் லகிஷ் இருந்திருந்தால் 24 ஆட்சேபங்களை எழுப்பியிருப்பார். அவற்றுக்கு 24 விடைகள் சொல்லும்போது பொருள் தானே விரிந்திருக்கும் என்று கூறி அவர் அழுதார். சரி என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அதைச் சொல்ல இன்னொருவர் தேவையில்லை.

ஒரு சொல்லால் தோழனை இழந்தவரின் கதையாகவும் இது நிற்கிறது. உண்மைக்காகச் செய்யும் வாதத்தை வாதம் என்றும், வெற்றிக்காகச் செய்வதை ஜல்பம் என்றும், தன் கொள்கை எதையும் நிறுவாமல் பிறரைச் சாய்ப்பதையே விதண்டை என்றும் நியாய சாஸ்திரம் பிரிக்கிறது. யூத அறிஞர்களும் இறைவனுக்காகச் செய்யும் விவாதம், தன்னலத்துக்காகச் செய்யும் விவாதம் என்று பிரித்தார்கள். முன்னதற்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ஹில்லேல், ஷம்மாய் ஆகியோரின் பள்ளிகள். மூன்றாண்டுகள் நீண்ட ஒரு சர்ச்சையின் முடிவில் விண்ணிலிருந்து ஒரு குரல் எழுந்ததாம்: இரு தரப்பாரின் சொற்களும் இறைவனுடைய சொற்களே, ஆயினும் நடைமுறையில் ஹில்லேல் பள்ளியின் நெறியையே பின்பற்ற வேண்டும். ஏன்? அவர்கள் மென்மையும் பொறுமையும் உடையவர்கள். எதிர்த்தரப்பின் கருத்தையும் கற்பித்தார்கள். அதுவும் தங்கள் கருத்தைச் சொல்வதற்கு முன்பே அதைச் சொன்னார்கள். மேலான தர்க்கம் அவர்களுக்கு இடம் பெற்றுத் தந்ததாக இங்குச் சொல்லப்படவில்லை. பண்பே பெற்றுத் தந்தது. தோற்ற தரப்பின் கருத்துகளும் நூலிலிருந்து நீக்கப்படாமல் இன்றளவும் கற்பிக்கப்படுகின்றன.

இதற்கு மாறானதையும் மரபு எச்சரிக்கையாகச் சொல்லி வைத்திருக்கிறது. அகிவாவின் மாணவர்கள் 24,000 பேர் ஒரே காலப்பகுதியில் மாண்டார்கள் என்றும், அவர்கள் ஒருவரை ஒருவர் மதித்து நடவாததே அதற்குக் காரணம் என்றும் அது கூறுகிறது. கற்றலுக்கு முதலிடம் தந்தவரின் மாணவர்களே செயலில் தவறினார்கள்.

நாள்தோறும் ஒரு பக்கம்

இக்கல்வி அறிஞர்களுக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. ஓர் யூதர் காலையில் எழுந்ததும், தோராவைக் கற்கும் கடமையைத் தந்ததற்காக இறைவனை வாழ்த்தி, உடனே சில வரிகளையேனும் ஓதுகிறார். ஐந்து நூல்களும் 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வாரந்தோறும் தொழுகைக்கூடத்தில் முறையாக வாசிக்கப்படுகின்றன. ஆண்டின் இறுதியில் கடைசிப் பகுதி முடிந்த அதே நாளில் முதல் பகுதி மீண்டும் தொடங்கப்படுகிறது. நடுவில் ஒருநாள்கூட இடைவெளி விடுவதில்லை. அந்நாளில் ஏட்டுச்சுருளை ஏந்தி முதியவர்களும் நடனமாடுவார்கள்.

வயதோ வறுமையோ இக்கடமைக்குத் தடையாகாது என்பதற்கு இரு வரலாறுகள் சொல்லப்படுகின்றன. அகிவா 40 வயது வரை எழுத்தறியாத மேய்ப்பர். கிணற்றடியில் நீர் விழுந்து விழுந்து கல் குழிந்திருப்பதைக் கண்டார். மென்மையான நீர் கல்லைக் குடையுமானால் தோரா தம் இதயத்தில் இறங்காதா என்று எண்ணினார். தம் மகனுடன் சிறுவர்களின் ஆசிரியரிடம் சென்று அமர்ந்து எழுத்துகளைக் கற்கத் தொடங்கினார்.

ஹில்லேல் இளமையில் கூலி வேலை செய்தவர். அன்றாடக் கூலியில் பாதியைக் கல்விக்கூடத்தின் காவலனுக்குக் கொடுத்து உள்ளே செல்வார். ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை வேலை கிடைக்கவில்லை. காவலன் உள்ளே விடவில்லை. அவர் கூரைமீது ஏறி, ஒளிவரும் திறப்பின் அருகே படுத்துப் பாடத்தைக் கேட்டார். இரவு முழுவதும் பனி பெய்து அவரை மூடிவிட்டது. மறுநாள் விடியலில் கூடம் இருண்டிருப்பதைக் கண்ட ஆசான்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே ஒரு மனித உருவம் தெரிந்தது. அன்று ஓய்வு நாள். நெருப்பு மூட்டுவது விலக்கப்பட்ட நாள். இருப்பினும் அவர்கள் அவரை இறக்கி, நீராட்டி, எண்ணெய் பூசி, தீயின் அருகே அமர்த்தினார்கள். இவருக்காக ஓய்வு நாளின் விதியை மீறுவது தகும் என்றார்கள். உயிரைக் காப்பது ஓய்வு நாளின் விதியினும் மேலானது என்பது அவர்கள் கற்ற நெறி. லோத் நகரத் தீர்ப்பின் பொருள் இந்நிகழ்ச்சியில் கண்கூடாகிறது.

20ஆம் நூற்றாண்டில் இக்கல்விக்கு ஒரு புதிய ஒழுங்கு பிறந்தது. 1923இல் வியன்னாவில் கூடிய மாநாட்டில், போலந்தைச் சேர்ந்த இளம் ரபி மேயிர் ஷபீரோ ஒரு திட்டத்தை முன்வைத்தார். உலகெங்கும் உள்ள யூதர்கள் ஒரே நாளில் தால்முதின் ஒரே ஏட்டைக் கற்க வேண்டும். இதற்கு ‘தஃப் யோமி’, அதாவது ‘நாளுக்கு ஓர் ஏடு’ என்று பெயர். இன்றைய முறைப்படி 2,711 ஏடுகளையும் முடிக்க ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் ஆகும். கப்பலில் பயணம் செய்யும் ஒருவர் கடல் கடந்து இறங்கிய ஊரிலும் தாம் அன்று கற்ற அதே பக்கத்தைக் கற்பவர்களைக் காண்பார் என்பது அவருடைய கனவு. அவர் 1930இல் லுப்லினில் திறந்த பெரும் கல்விக்கூடத்தை 1939இல் நாஜிகள் மூடினார்கள். அவர் தொடங்கிய அத்யயனம் நிற்கவில்லை. போருக்குப்பின், 1948இல், ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரிலேயே உயிர் தப்பியவர்களுக்காகத் தால்முத் 19 தொகுதிகளாக அச்சிடப்பட்டது. 2020 ஜனவரியில் தஃப் யோமியின் 14ஆம் சுற்று தொடங்கியது. நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட இக்கல்வியில், அந்த ஆண்டு ஜெருசலேமில் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடிச் சுற்றின் நிறைவைக் கொண்டாடினார்கள்.

அறிவும் பக்தியும்

கல்வி உயர்ந்த இடத்தில் அது அகந்தையாக மாறும் ஆபத்தும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில், கல்லாத எளிய மக்களைத் தாழ்வாக நோக்கும் மனப்போக்கு அறிஞர்களிடையே காணப்பட்டது. அக்காலத்தில் பால் ஷெம் தோவ் (மறைவு 1760) தோற்றுவித்த ஹஸிதிய இயக்கம், இறைவனைப் பற்றி நிற்கும் உள்ளமும் ஆனந்தமும் உருக்கமான பிரார்த்தனையுமே முதன்மையானவை என்று வலியுறுத்தியது. வில்னாவின் மாமேதை எலியா (1720–1797) இதனைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய மாணவர் ஹாயிம், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வொலோஷின் என்னும் ஊரில் கல்விக்கூடம் ஒன்றை நிறுவினார். அங்கு இரவிலும் பகலிலும் யாரேனும் ஒருவர் கற்றுக்கொண்டே இருப்பார்கள். ‘தோராவுக்காகவே தோரா’ என்னும் பழைய இலட்சியத்திற்கு ஹஸிதியர் இறைவனோடு ஒன்றுவதற்காகக் கற்றல் என்று பொருள் கொண்டனர். ஹாயிம் தோராவை உள்ளபடி விளங்கிக்கொள்வதற்காகக் கற்றல் என்று பொருள் கொண்டார்.

ஞானம், பக்தி என்ற பெயர்களில் பாரத நாடு நன்கறிந்த கருத்து வேறுபாடு இது. காலப்போக்கில் இரு தரப்பும் நெருங்கி வந்தன. ஹஸிதியர்களும் பெரிய கல்விக்கூடங்களை அமைத்தார்கள். தஃப் யோமியை வழங்கிய மேயிர் ஷபீரோ ஹஸிதிய மரபைச் சார்ந்தவரே.

கொங்கணக் கடற்கரையில்

நூலே இல்லாமல் நடைமுறை மட்டும் எஞ்சினால் என்னவாகும்? இதற்கு விடை பாரத மண்ணிலேயே இருக்கிறது. ரோமானியக் கொடுமையால் ஆலயம் தகர்க்கப்பட்ட காலத்தில் யூதர்கள் தென்னிந்தியாவில் தஞ்சம் புகுந்ததை 1893இல் சிகாகோ சர்வமத மகாசபையில் சுவாமி விவேகானந்தர் பெருமிதத்துடன் எடுத்துரைத்தார். கொச்சியில் அவர்களுடைய தொழுகைக்கூடம் ஒன்று 1568இல் கட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. வடக்கே, கொங்கணக் கரையில் வாழ்ந்த ‘பெனே இஸ்ரேல்’ சமூகத்தாரின் வரலாறு வேறு வகையானது. கப்பல் உடைந்து கரையேறிய ஏழு தம்பதியரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களது மரபுச் செய்தி. நூல்கள் எல்லாம் கடலில் மூழ்கிவிட்டன. எண்ணெய் ஆட்டும் தொழிலை மேற்கொண்ட அவர்கள் சனிக்கிழமைகளில் செக்கை நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஊரார் அவர்களைச் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை ஓயும் வாணியர் என்றழைத்தார்கள். இறைவன் ஒருவனே என்று முழங்கும் ‘ஷெமா’ பிரார்த்தனை மட்டும் அவர்கள் நாவில் நிலைத்திருந்தது. எல்லாச் சடங்குகளிலும் அதையே ஓதினார்கள்.

டேவிட் ரஹாபி என்ற யூதர் அவர்களிடையே வந்து, அவர்களைச் சோதிப்பதற்காகப் பெண்களிடம் பலவகை மீன்களைச் சமைக்கக் கொடுத்தாராம். துடுப்பும் செதிளும் இல்லாத மீன்களை அவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். தோரா விலக்கியவை அவையே. காரணம் கேட்டால் முன்னோர் வழக்கம் என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ரஹாபி அவர்களுள் மூவரைத் தேர்ந்து கற்பித்தார் என்கிறது மரபு. 1796இல் மும்பையில் அவர்களுடைய முதல் தொழுகைக்கூடம் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து ஆசிரியர்கள் வந்து கற்பித்தார்கள்.

சீனாய் மலையடிவாரத்தில் இஸ்ரவேலர், செய்வதை முதலிலும் கேட்டறிவதை அடுத்தும் வைத்து இறைவனுக்கு வாக்களித்ததாகத் தோரா கூறுகிறது. கொங்கணத்து எண்ணெய் வாணியர்கள் அந்த வரிசையிலேயே வாழ்ந்தார்கள். நடைமுறை அவர்களைக் கல்வி வரும்வரை காத்துத் தந்தது. கல்வி வந்தபோது நடைமுறையின் பொருள் தெளிவாயிற்று. தர்போன் கூறியதிலும் உண்மை இருந்தது என்பதற்கு இச்சமூகமே சான்று.

சாதகர் கொள்ளத்தக்கவை

தைத்திரீய உபநிஷதத்தில், கல்வியை முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசான் இடும் கட்டளைகளுள் சுவாத்யாயத்தைக் கைவிடாதே என்பதும் ஒன்று. குருகுலத்தில் கற்பது எளிது. வீடு திரும்பியபின் தொடர்வதே கடினம். யூத மரபு இக்கடினத்தை மூன்று வழிகளில் எதிர்கொண்டது.

முதலாவது, அளவு சிறிதாக இருந்தாலும் நாள் தவறாமை. பொழுது கிடைக்கும்போது படிக்கலாம் என்று எண்ணாதே, பொழுது கிடைக்காமலே போகலாம் என்று ஹில்லேல் எச்சரித்தார். கீதையின் ஒரு சுலோகமோ உபநிஷதத்தின் ஒரு மந்திரமோ பொருளுணர்ந்து நாள்தோறும் ஓதப்படுமானால், சில ஆண்டுகளில் நூல் முழுவதும் வாழ்க்கையோடு கலந்துவிடும்.

இரண்டாவது, துணை. கேட்டதை மனனம் செய்யும்போது எழும் ஐயங்களைத் தனக்குள் மறைத்து வைப்பவன் அவற்றைக் கடப்பதில்லை. இல்லத்தில் கணவனும் மனைவியும், சத்சங்கத்தில் இரு நண்பர்களும், வாரம் ஒருமுறையேனும் ஒரே பகுதியை எதிரெதிரே அமர்ந்து படிக்கலாம். எதிர்க் கருத்தை முதலில் நேர்மையாக எடுத்துரைத்த பின்னரே தன் கருத்தைச் சொல்வது என்ற ஹில்லேல் பள்ளியின் நியதியை அங்கே கைக்கொள்ளலாம்.

மூன்றாவது, சோதனை. படித்த பகுதி இந்த வாரம் நடத்தையில் எதை மாற்றியது என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்றம் ஏதும் தெரியவில்லையெனில் படிப்பை விட்டுவிட வேண்டியதில்லை. அதே பகுதிக்குத் திரும்ப வேண்டும். தால்முதின் ஒரு பிரிவைக் கற்று முடிப்பவர்கள் நிறைவுவிழாவில் அந்நூலையே விளித்து, உன்னிடம் மீண்டும் வருவோம் என்று வாக்களிப்பது வழக்கம். அந்த வாக்கைக் கொடுத்துவிட்டு அடுத்த பிரிவின் முதல் வரியை அப்போதே படிக்கத் தொடங்குகிறார்கள்.